சாப்பாடு எப்படி உள்ளே போகும்?

உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பித்த எங்கள் சேர் கரும்பலகையில் படம் கீறும்போது வகுப்பே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் பற்றீரியாவின் கலச்சுவரைக் கீறிவிட்டுத் திரும்பினார். "பாதுகாப்புக்கு என்று எழுதினால் புள்ளி வரும். ஆனால் பிள்ளையள், சுவர் இவ்வளவு இறுக்கமென்றால் சாப்பாடு எப்படி உள்ளே போகும்?" பரீட்சையில் வராத கேள்வி. பிறகு என் தொழிலே அந்தக் கேள்விதான்.

வெளிநாடு வந்து நான் சேர்ந்த நொதித்தல் ஆய்வுகூடத்தில் மைக்கோபற்றீரியம் நியோஓரம் என்ற பற்றீரியாவை வளர்த்தோம். காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கையில் ஒதுங்கும் கழிவிலிருந்து எடுக்கிற தாவர ஸ்டெரோலை, அதாவது வளையங்களும் ஒரு பக்கச் சங்கிலியும் கொண்ட, கொலஸ்திரோல் போன்ற கொழுப்பைக் கொடுத்தால், அதன் பக்கச் சங்கிலியைத் தின்றுவிடும். வளையங்களையும் தின்னாமல் அங்கேயே நின்றுவிடும் விகாரிகளை (மரபணு மாறிய வகைகளை)ப் பற்றி அமெரிக்காவின் சேர்ள் மருந்து நிறுவன ஆய்வுகூடத்தார் 1972இல் எழுதினார்கள். மிஞ்சும் அன்ட்ரோஸ்டீன்டையோனிலிருந்துதான் ஸ்டீரொயிட் மருந்துகள் பல செய்யப்படுகின்றன.

ஸ்டெரோல் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். குடுவையை இரவு முழுக்கக் குலுக்கவிட்டுக் காலையில் பார்த்தால், திரவத்துக்கு மேலே கண்ணாடியில் வெள்ளை வளையமாக ஒட்டிக் கிடக்கும். சவர்க்காரம் போல வேலை செய்யும் துவீன் 80 விட்டால் துகள் பரவும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறு ஸ்டெரோலைத் தன் குழிக்குள் வாங்கிக்கொண்டு தண்ணீரில் திரியும். சரி, கலத்தின் வாசல் வரை கொண்டுவந்தாயிற்று. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை.

இந்தப் பற்றீரியாவின் வெளி அடுக்கு மைக்கோலிக் அமிலத்தால் ஆனது. 60 முதல் 90 வரை காபன் கொண்ட, மெழுகு போன்ற நீளக் கொழுப்பமிலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். பலர் இதை வெறும் தடையென்றே பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேற்பரப்பு அப்படிக் கொழுப்பாக இருப்பதால்தான் கலங்கள் ஸ்டெரோல் துகளில் போய் ஒட்டுகின்றன. கிட்ட இழுப்பதும் அதுதான், உள்ளே விடாமல் தாமதிப்பதும் அதுதான்.

அந்த அடுக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் ஸ்டெரோல் அன்ட்ரோஸ்டீன்டையோனாக மாறுவது வேகப்படும். போலந்தின் லோட்ஸ் நகர ஆய்வாளர்கள் கிளைசீன் என்ற அமினோ அமிலத்தையும், காசநோய்க்குக் கொடுக்கும் எதம்பியூட்டோல் மருந்தையும் சேர்த்து இதைக் காட்டினார்கள். கிளைசீன் சுவரைப் பிணைத்து வைக்கும் பெப்டைட் இணைப்புகளைக் குழப்பும். எதம்பியூட்டோல் மைக்கோலிக் அமிலம் தொங்கும் சர்க்கரைச் சங்கிலியைக் கட்டவிடாது. அளவு மீறினால் கலம் வளராது, விளைச்சலும் போய்விடும். சீன ஆய்வாளர்கள் அப்புறம் மரபணுவிலேயே கைவைத்தார்கள். மைக்கோலிக் அமிலத்தை முழு நீளத்துக்கு வளர்க்கும் காஸ்பி (kasB) என்ற மரபணுவை எடுத்துவிட்டபோது ஸ்டெரோல் இலகுவாக உள்ளே போனது.

உள்மென்சவ்வைத் தாண்டவைப்பது எம்சிஈ 4 (Mce4) என்ற காவி, அதாவது பொருளைச் சுமந்து கடத்தும் புரதத் தொகுதி. காசநோய்க் கிருமியும் இதே காவியால் நம் உடலின் கொலஸ்திரோலை இழுத்து உயிர் பிழைக்கிறது என்று 2008இல் தெரியவந்தது. ஆனால் வெளிக்கொழுப்புப் படையைக் கடந்து ஸ்டெரோல் அந்தக் காவியிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது இன்றும் முழுதாகத் தெளியவில்லை. இப்போது உயர்தரம் படிக்கும் தம்பி தங்கையரில் யாருக்காவது இதில் ஆசை பிறந்தால் சங்கத்தின் ஊடாக எனக்கு எழுதுங்கள். தெரிந்ததெல்லாம் சொல்லித்தருகிறேன்.