ஃபில் ஐவியின் வழக்கும் என் ஆடிட் வேலையும்

இன்டர்னல் ஆடிட் வேலையில் நான் அதிகம் கேட்ட பதில், "எந்த ரூலையும் மீறலையே சார்" என்பதுதான். சொல்பவர் பெரும்பாலும் அதை உண்மையாகவே நம்புகிறார். அறிக்கை எழுதக் கை தயங்குவதும் அதனால்தான். அப்போதெல்லாம் எனக்கு ஃபில் ஐவி நினைவுக்கு வருவார்.

போக்கர் என்ற சீட்டாட்டத்தில் அவர் மேதை. 2000இல் அமரில்லோ ஸ்லிம் என்ற ஜாம்பவானை வீழ்த்தி தன் முதல் போக்கர் உலகத் தொடர் பட்டத்தை வென்றவர், 2024இல் 11ஆவதையும் வென்றார். ஆனால் 2012இல் லண்டனில் கிராக்ஃபோர்ட்ஸ் என்ற கேசினோ கிளப்பில் அவர் ஆடியது போக்கர் அல்ல, 9 புள்ளிக்கு நெருங்கிய பக்கம் வெல்லும் பாக்கரா வகை சீட்டாட்டம். சீட்டுகளின் பின்பக்க அச்சு இரண்டு நீள ஓரங்களிலும் ஒன்றுபோல் இல்லை. கூட இருந்த செயுங் யின் சன் அந்த நுண்ணிய வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடித்துவிடுவார். ராசி என்று சொல்லி, 7, 8, 9 போன்ற நல்ல சீட்டுகளை மட்டும் வேறு பக்கமாகத் திருப்பி வைக்க, சீட்டுப் போடும் ஊழியரான டீலரிடம் கேட்டார்கள். கலைப்பது மெஷின் என்பதால் திருப்பியது திருப்பியபடியே இருந்தது. அப்புறம் முதல் சீட்டு வெளியே வருமுன்பே நல்லதா இல்லையா என்று தெரிந்துவிடும். கேசினோவுக்கு இருக்க வேண்டிய சாதகம் ஐவி பக்கம் சாய்ந்தது, சுமார் 6.5 சதவீதம்.

வென்றது சுமார் 77 லட்சம் பவுண்டு. கிளப் அதைத் தர மறுத்தது. ஐவி வழக்குப் போட்டார். நீதிமன்றத்தில் தன் முறையை அவர் மறைக்கவில்லை. 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: தான் செய்தது ஏமாற்று அல்ல என்று அவர் மனதார நம்பினாலும், அளவுகோல் சாதாரண நேர்மையான மனிதர்களுடையதுதான்.

பெரும்பணக்காரர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிய கிளப்பின் மேல் எனக்கு இரக்கம் இல்லை. என்னை உறுத்துவது அந்த டீலர். தன் கை எதற்குப் பயன்படுகிறது என்றே தெரியாமல் சீட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். போக்கரில் எதிராளியின் பலவீனத்தைப் படிப்பது திறமை. அங்கே இருவருக்கும் அது தெரிந்த ஆட்டம். இங்கே அப்படியில்லை.

அனுமதி வரம்புக்குள் அடங்க ஒரே கொள்முதலை நாலு பில்லாகப் பிரிக்கும்போதும் இதே கதைதான். ஒவ்வொரு பில்லும் விதிப்படி சரி. தட்டச்சு செய்தவருக்கு எதுவும் தெரியாது, ஆனால் கையெழுத்து அவருடையது. அதனால் இப்போதெல்லாம் மேலாளரிடம் போவதற்கு முன் அவரிடம்தான் முதலில் பேசுகிறேன். இப்படிப் பிரித்துப் போடச் சொன்னது யார், என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்கிறேன்.