கோணமலைப் பதிகம் காழிக்கு வந்த நாள்

திருஞானசம்பந்தர் கடல் கடந்து ஈழத்துக்குச் சென்றதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. இராமேசுவரத்தில் தங்கியிருந்த நாளில், அங்கிருந்தபடியே திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைந்து பாடினார் என்பதே பெரியபுராணம் தரும் செய்தி. அவர் கால் படாத அந்தத் திருகோணமலையிலிருந்து, அவர் அவதரித்த சீகாழிக்கு, அந்தப் பதிகத்தையே பாடிக்கொண்டு வந்த ஒரு சிறுவர் குழுவுக்கு வழிகாட்டியாகச் செல்லும் பேறு ஆவணி மாதத்தில் எனக்கு வாய்த்தது.

ஒன்பது வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள திருமுறை மாணவர்கள் அவர்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பலில் தங்கள் ஆசிரியருடன் வந்து இறங்கியிருந்தார்கள். வெள்ளை வேட்டியும் தோளில் சால்வையும் நெற்றி நிறையத் திருநீறுமாக அவர்கள் சீகாழிக் கோயிலின் பிரம தீர்த்தக் கரையில் வரிசையாக நின்றபோது, காலைப் பூசைக்கு வந்திருந்த உள்ளூர்க்காரர்கள் ஏதோ ஆதீனத்துப் பாடசாலைப் பிள்ளைகள் என்றே எண்ணியிருக்கக் கூடும்.

மூன்று வயதுக் குழந்தை அழுததும், அம்மை பால் கொடுத்ததும், ‘தோடுடைய செவியன்’ பிறந்ததும் இந்தக் குளக்கரையில்தான். சித்திரைப் பெருவிழாவில் திருமுலைப்பால் உற்சவம் நடப்பதும் இங்கேதான். ஆகவே முதற்பதிகத்தை நட்டபாடைப் பண்ணில் கரையிலேயே பாடிவிட்டு உள்ளே சென்றோம். கீழே பிரமபுரீசுவரரையும் திருநிலைநாயகியையும் வணங்கி, படியேறித் தோணியப்பரைத் தரிசித்து, இன்னும் மேலே சட்டைநாதரையும் கண்டு இறங்கினோம்.

சம்பந்தர் சந்நிதியில்தான் கோணமலைப் பதிகம். நம் ஊர்க் கோயில்களில் ஓதுவார் ஒருவர் தனித்துப் பாடுவதைக் கேட்டே பழகிய காதுக்கு, இத்தனை இளங்குரல்கள் ஒரே சுருதியில் எழுந்தது புதிதாக இருந்தது. ஈழத்தில் பூசை முடிவில் தேவாரம் முதல் பெரியபுராணம் வரை ஐந்து நூல்களிலிருந்து ஒவ்வொரு பாடலாகப் பஞ்சபுராணம் ஓதும் வழக்கம் வலுவாக இருப்பதால், பாடுவது ஓதுவாருக்கு மட்டும் உரிய பணி என்ற எண்ணம் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. கூட்டாகப் பாடும்போது காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், சற்றே விரைந்துவிடுகிறது என்பது என் கருத்து. புறநீர்மைப் பண்ணின் நிதானம் நடுவில் ஓரிரு பாடல்களில் தப்பியது. ஆனால் பதிகத்தின் இறுதிப் பாடலான கடைக்காப்பில், ‘கற்றுணர் கேள்விக் காழியர் பெருமான்’ என்ற இடம் வந்ததும், சொல்லிவைத்தாற்போல் எல்லாரும் நிதானித்தார்கள். காழியிலேயே நின்றுகொண்டு அந்த அடியைப் பாடுகிறோம் என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

பாடி முடித்ததும் சிறியவன் ஒருவன் என்னிடம், “ஐயா, இவர் எங்கட கோயிலுக்கு வரவே இல்லையோ?” என்று கேட்டான். அவர் வரவில்லை, பதிகம் வந்தது என்றேன். அவனுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. போர்த்துகீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோயில் அவனுடையது. கல் போன பிறகும் பாட்டு போகவில்லை என்று அவனுடைய ஆசிரியர் பிறகு பேருந்தில் எடுத்துச் சொன்னார். காழியிலும் அத்தகைய ஒன்று நிகழ்ந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் குடமுழுக்குத் திருப்பணிக்காகக் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது, ஐம்பொன் திருமேனிகளோடு தேவாரம் பொறித்த நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகள் கிடைத்தன. யாரோ, எப்போதோ, எந்த அச்சத்திலோ புதைத்துக் காத்தவை.

நடை சாத்துவதற்குள் அருகிலுள்ள திருக்கோலக்காவுக்கு விரைந்தோம். பிஞ்சுக் கை நோகத் தாளமிட்டுப் பாடிய குழந்தைக்கு இறைவன் பொற்றாளம் ஈந்த தலம் இது. பொன்னுக்கு ஓசை இராதே என்று அதற்கு ஓசையைத் தந்தவள் அம்பிகை. ஓசை கொடுத்த நாயகி என்பது அவள் திருநாமம். பேச்சு வராத பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்து வந்து இவள் முன் நிறுத்தி வேண்டிக்கொள்வதை இன்றும் காணலாம்.

குழுவில் மூத்தவனுக்குக் குரல் உடைந்துகொண்டிருந்தது. அதனால் காலையிலிருந்து அவன் பாடாமல் குழித்தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான். காழியில் சற்று ஒதுங்கியே நின்ற அவனை, இங்கே ஆசிரியர் அழைத்து எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார். ‘மடையில் வாளை பாய’ என்று மற்றவர்கள் தொடங்க, அவனுடைய தாளம் கணீரென்று மண்டபத்தில் எழுந்தது. காழியில் ஓடிய காலப்பிரமாணம் இங்கே ஓரிடத்திலும் ஓடவில்லை. வெளியே வாய்க்காலில் காவிரி நீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேட்டூர் நீர் வந்து குறுவை பச்சை கட்டியிருக்கும் மாதத்தில் இந்தப் பதிகத்தைக் கேட்பது தனிச் சுகம், வாளையைத்தான் காணோம்.

மதிய உணவும் சிறிது உறக்கமும் ஆனபின் ஆக்கூர், பொறையாறு வழியாக நண்டலாற்றைக் கடந்து, காரைக்காலை அடுத்த திருத்தருமபுரத்தை மாலையில் அடைந்தோம். சம்பந்தர் பதிகங்களை யாழில் வாசித்துவந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருடைய யாழால்தான் பதிகங்கள் பெருமை பெறுகின்றன என்று அவர் சுற்றத்தார் சொல்ல, அது கேட்டு அஞ்சிய பாணர் வேண்ட, யாழில் அடங்காத ‘மாதர் மடப்பிடியும்’ பதிகத்தைச் சம்பந்தர் அருளிய தலம். யாழை உடைக்க ஓங்கிய பாணரைத் தடுத்து, இயன்றவரை இதில் வாசியும் என்று அவர் அதை மீண்டும் கொடுத்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் உவப்பான பகுதி.

இன்று ஓதுவார்கள் அடாணா இராகத்தில் பாடும் இந்தப் பதிகம் கூட்டாகப் பாடுவதற்கு உரியதன்று என்பது என் துணிபு. ஆசிரியரும் அவ்வாறே கருதினார் போலும். அவர் தனித்துப் பாட, பிள்ளைகள் ‘தருமபுரம் பதியே’ என்று ஒவ்வொரு பாடலின் முடிவில் மட்டும் சேர்ந்துகொண்டார்கள். பிரசாதம் வாங்கிக்கொண்டு நாகைக்குப் பேருந்து ஏறும்போது, ஊர் திரும்பியதும் கோணேசர் சந்நிதியில் இதை முழுவதும் தாங்களே பாட வேண்டும் என்று பிள்ளைகள் அவரை மொய்த்துக்கொண்டார்கள். ஓராண்டு சாதகம் செய்யுங்கள், பிறகு பார்ப்போம் என்றார் அவர்.