வளைந்த ஆணி

சாவி கைக்கு வந்தும் அந்த அக்கா கதவைத் திறக்கவில்லை. நிலை ஓரத்தில் வளைந்து கிடந்த ஓர் ஆணியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"இது நான் அடிச்சது. நாலாவது அடியில கோணிருச்சு. பிடுங்க வேணாம்னுட்டேன்."

ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி கட்டிய வீடு. 1976-ல் மில்லார்ட், லிண்டா ஃபுல்லர் தம்பதி தொடங்கிய, வசதியில்லாதவர்களுக்கு வீடு கட்டித்தரும் கிறிஸ்தவ அமைப்பு. சும்மா தூக்கிக் கொடுக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. வீட்டுக்காரர்களும் கூடவே நின்று உழைக்க வேண்டும். தவணையும் கட்ட வேண்டும், அதில் அமைப்புக்கு லாபம் மட்டும் கிடையாது.

2019-ல், 95 வயதில், கீழே விழுந்து தையல் போட்ட நெற்றியோடு முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வந்து நின்றது இவர்கள் வேலையில்தான். (எனக்கு இரண்டு மணி நேரம் பெயின்ட் அடித்ததற்கே முதுகு பிடித்துக்கொண்டது.)

உள்ளே பையன் கேட்டான்: "அம்மா, சுவத்துல ஆணி அடிக்கலாமா?"

"அடிடா. யாரைக் கேக்கணும்?"