ஞாயிறு காலை, ஒரு பேப்பர்

"இன்னொரு தடவ வாசிங்க அண்ணாச்சி."

தாராவி 90 அடி ரோட்டில் டீக்கடை. பெரியவர் ஒருவர் சம்பள பாக்கிச் செய்தியை, வரிக்கு வரி விரலை நகர்த்தி உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் தோல் பட்டறைப் பையன்கள் நாலு பேர். டீயில் ஆடை படிந்துவிட்டது, யாரும் கிளாஸைத் தொடவில்லை.

எனக்கு நாராயண் மேகாஜி லோகண்டே நினைப்பு வந்துவிட்டது.

1880-லிருந்து 'தீனபந்து' மராத்திப் பத்திரிகையை இதே ஊரில் நடத்தியவர். 1884-ல் பரேலில் மில் தொழிலாளரைக் கூட்டினார். வார விடுமுறை கேட்ட மனுவில் 5,500 பேர் ஒப்பமிட்டார்கள். அதில் எத்தனை கைநாட்டோ!

முதலில் பேப்பர், பிறகுதான் சங்கம்.

ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890-ல்.

பெரியவர் மறுபடி முதல் வரிக்குப் போனார். ஒரு பையன் மொபைலைப் பைக்குள் போட்டுவிட்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.