குழாயை முதலில் திற, எண்ணைப் பிறகு கேள்

2004இல் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டில் இருந்தபடியே கொழும்பு அலுவலகம் ஒன்றுக்கு வேலை செய்தேன். தொலைபேசிக் கம்பியில் மொடெம், கணினியில் லினக்ஸ் இயங்குதளம். அந்த வருடம் அலுவலகம் வழமையான பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு, சாவிக்கொத்தில் கொழுவுகிற சின்னக் கருவி ஒன்றை அனுப்பிவைத்தது. அறுபது செக்கனுக்கு ஒருமுறை அதன் திரையில் புது ஆறு இலக்க எண் வரும். என்னுடைய இரகசிய எண்ணோடு அதைச் சேர்த்து அடித்தால்தான் உள்ளே விடும். ஒருதரம் பாவித்ததைத் திரும்ப ஏற்காது.

அதுவரை எல்லாவற்றையும் ஸ்கிரிப்டே, அதாவது எழுதிவைத்த கட்டளை வரிசையே, பார்த்துக்கொண்டது. தொலைபேசி வழி இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரல், சாட் என்ற சின்ன நிரலைக் கூப்பிடும். 'இது வந்தால் இதை அனுப்பு' என்று எழுதிவைத்த வரிசைப்படி சாட் டயல் பண்ணும், பெயர் கேட்டால் பெயர் கொடுக்கும், பாஸ்வேர்ட் கேட்டால் பாஸ்வேர்ட் கொடுக்கும். இப்போது அந்தக் கடைசிச் சொல்லை முன்கூட்டி எழுதிவைக்க வழியில்லை.

முதலில், டயல் பண்ணுமுன் எண்ணைக் கேட்டு வாங்கி ஸ்கிரிப்டில் செருகினேன். அது பிழை. மழைக்காலத்தில் கம்பி இரையும். இரண்டு மொடெமும் கத்தி இணங்கவே அரை நிமிடத்துக்கு மேல் போகும். அதற்குள் எண் மாறிவிடும். மூன்று தரம் பிழைத்ததும் கணக்கு பூட்டுப்பட்டது. ஒவ்வொரு முயற்சிக்கும் கொழும்பு அழைப்புக் காசு வேறு. பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்டபோது, "அண்ணை, எண் மாறின உடனே டயல் பண்ணுங்கோ" என்றார் அங்கிருந்த தம்பி. அதுவும் பாதி நாள்தான் சரிவந்தது.

வழி சாட்டின் கையேட்டிலேயே இருந்தது. அனுப்பவேண்டிய சொல்லுக்குப் பதில் @ குறியும் ஒரு கோப்பின் பெயரும் கொடுத்தால், கோப்பில் இருப்பதை வாசித்து அனுப்பும். அந்தக் கோப்பு 'பெயரிட்ட குழாய்' ஆகவும் இருக்கலாம். ஒரு நிரல் ஒரு பக்கத்தால் எழுதினால் இன்னொரு நிரலுக்கு மறுபக்கத்தால் வரும், வட்டில் எதுவும் தங்காது. இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆனால் எண்ணைக் கேட்டுக் குழாயில் போடும் துணை ஸ்கிரிப்ட் மறுபடி காலை வாரியது. டயல் தொடங்கியதுமே எண்ணைக் கேட்டது; நான் அடித்ததை வைத்துக்கொண்டு, சாட் குழாயைத் திறக்கும்வரை காத்து நின்றது. எண் பழசாகிவிட்டது. சரி, வரிசையைத் திருப்பினேன்: முதலில் குழாயை எழுதத் திறப்பது, பிறகு கேட்பது. வாசிக்க ஆள் வரும்வரை, எழுதத் திறப்பவரை லினக்ஸ் நிறுத்தி வைக்கும். சாட்டோ பாஸ்வேர்ட் கேள்வி வந்த பிறகுதான் வாசிக்கத் திறக்கும். ஆகவே என் திரையில் 'எண்?' என்று வருவது, கொழும்பு சேர்வர் கேட்கிற அதே நேரத்தில்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. இணைப்பு அறுந்தால் தானாகத் திரும்ப டயல் பண்ணும் அமைப்பை எடுத்துவிட்டேன். எண் கொடுக்க ஆளில்லாத நேரத்தில் அது அழைத்துப் பயனில்லை. அனுப்புவதையெல்லாம் எழுதிவைக்கும் சாட்டின் விரிவான பதிவையும் நிறுத்தினேன். ஆறு இலக்கம் போனால் போகட்டும், அதற்கு முன்னால் அடிக்கும் இரகசிய எண் மாறாதது. எஸ்கீ மாதிரி சேர்வர் ஒரு சவாலைக் காட்டி அதற்கேற்ற பதில் கேட்கும் முறையென்றால் இந்தக் குழாய் மட்டும் போதாது, வந்ததை வாசித்துக் கணக்கிட எக்ஸ்பெக்ட் என்ற வேறொரு நிரல் வேண்டும்.

அன்று மொடெம் ஓய்ந்து 'எண்?' வந்தபோது, கருவியில் பழைய எண் முடியும் தறுவாயில் இருந்தது. பொறுத்தேன். மாறியதும் அடித்தேன். ஐபி முகவரி வந்துவிட்டது, இணைப்புக் கிடைத்துவிட்டது. தம்பிக்கு ஃபோனில் சொல்ல முடியாது, கம்பி மொடெமின் கையில். மின்னஞ்சலில் எழுதினேன்.