மூன்று பயிற்சியாளர்கள், ஒரே எட்டாம் இடம்

2025-இல் ஓவன் காயில் விலகி, கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்டு மிராண்டா சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக வந்ததிலிருந்து, சேலத்தில் இருக்கும் எங்கள் சிறு ரசிகர் கூட்டத்தில் ஒரே வழக்குதான் நடந்துகொண்டிருக்கிறது. அணி தேறாததற்குக் காரணம் பயிற்சியாளரா, அல்லது ஆட்டக்காரர்களை எடுப்பதிலும் விடுவதிலும் நிர்வாகம் காட்டும் போக்கா? நான் இரண்டாவது கட்சி.

சென்னையை விட்டால் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) நமக்கென்று வேறு அணி கிடையாது. நேரு விளையாட்டரங்கம் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருப்பதால், இரவு ஆட்டம் முடிந்ததும் நடந்தே போய் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடலாம் என்பது ஒரு வசதி. பேருந்துதான் என்றால் கிளாம்பாக்கம் வரை போயாக வேண்டும், அந்தப் பாட்டைத் தனியாகத்தான் பாட வேண்டும். இவ்வளவு தூரம் போய்த் தோல்வியைப் பார்த்துவிட்டு விடியுமுன் ஊர் திரும்புகிறவர்களுக்குக் குறை சொல்லும் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

என் கட்சிக்கு வலுவான சாட்சி புள்ளிப்பட்டியல்தான். 2020-21-இல் சாபா லாஸ்லோ, அடுத்த ஆண்டு போசிதார் பாந்தோவிச், அதற்கடுத்த ஆண்டு தாமஸ் பிரடாரிச் என்று மூன்று சீசனுக்கு மூன்று பேர் வந்தார்கள். பாந்தோவிச்சைப் பாதியிலேயே அனுப்பிவிட்டதால் சபீர் பாஷா இடைக்காலப் பொறுப்பையும் சுமந்தார். பதினொரு அணிகள் ஆடிய அந்த மூன்று சீசன்களிலும் சென்னையின் எஃப்.சி. முடித்த இடம் எட்டு. ஆள் மாறினார், ஆட்டமுறை மாறியது, இடம் மட்டும் மாறவில்லை.

எங்களில் இளையவன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். அவன் கையில் எப்போதும் 2019-20 சீசன் இருக்கும். பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகியபோது பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அணியைக் காயில் நான்காம் இடத்துக்கு ஏற்றி, அரையிறுதியில் கோவாவை வீழ்த்தி, இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார்; ஆளில்லாத அரங்கில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே.விடம் 3-1 என்று தோற்றது வேறு கதை. ஆனால் அதே சீசனில் 15 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கிய நெரியஸ் வால்ஸ்கிஸ், காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனதும் தானும் அங்கேயே போய்விட்டார் என்பதை அவனுக்கு நினைவூட்டுவேன். பயிற்சியாளரோடு சேர்ந்து கோல் அடிப்பவரும் கிளம்பிவிட்டால், அடுத்து வருகிறவர் எதை வைத்து ஆடுவார்?

வெளிநாட்டவர் வருவதும் போவதும் எல்லா அணிகளிலும் நடப்பதுதான். என் வருத்தம் அதைவிட இந்திய ஆட்டக்காரர்களைப் பற்றியது. 2021-22 முதல் ஒரு அணிக்கு நான்கு வெளிநாட்டவர்தான் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கலாம் என்பதால், மீதி ஏழு பேரும் இந்தியர்கள். அந்த எழுவரின் தரம்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. 2018-இல் பெங்களூரிலேயே பெங்களூரை 3-2 என்று வென்று இரண்டாம் முறை கோப்பையைத் தூக்கியபோது மைல்சன் ஆல்வெஸ் அடித்த இரண்டு தலைமுட்டு கோல்களைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஜெஜே, தனபால் கணேஷ், ஜெர்ரி, அனிருத் தாபா என்று சேர்ந்து ஆடிப் பழகிய ஓர் இந்தியக் கூட்டம் அந்த அணியில் இருந்ததைப் பேசுவதில்லை. அந்தக் கூட்டம் கலைந்தது. கடைசியாக 2023-இல் அணித்தலைவராக இருந்த தாபாவும் மோகன் பகானுக்குப் போனார். அவர் போன முதல் சீசனிலேயே மோகன் பகான் புள்ளிப்பட்டியலில் முதலிடத்துக்குத் தரும் லீக் கேடயத்தை வென்றது, அடுத்த சீசனில் கேடயத்தோடு, இறுதி ஆட்டத்தில் வெல்பவருக்கான கோப்பையையும் சேர்த்து வென்றது.

தாபா போகிறார் என்ற செய்தி வந்த அன்று அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தோம். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், பீட்ரூட் துருவல் ஒட்டிய விரலைக்கூடத் துடைக்காமல் சொன்னார்: "வேலை தெரிஞ்ச ஆளையெல்லாம் அனுப்பிப்புட்டு மேஸ்திரிய மட்டும் மாத்துனா, கொலுசு தானா வந்துருமா தம்பி?" இளையவன் அன்றைக்கு மட்டும் பதில் பேசவில்லை. ஆனால் அடுத்த மாதமே காயில் திரும்பி வருகிறார் என்றதும் மறுபடி துள்ள ஆரம்பித்துவிட்டான்.

அவனுக்கும் ஓர் ஆண்டு நியாயம் கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. 2023-24-இல் ஆறாம் இடம் பிடித்து, தோற்றால் வெளியேற வேண்டிய பிளே-ஆஃப் சுற்று வரை போனோம், கோவாவிடம் 2-1 என்று தோற்றோம். மறு ஆண்டு பதின்மூன்று அணிகளில் பதினொன்றாம் இடம். பயிற்சியாளர் அதே காயில்தான்.

பொறுமையாக இருப்பது மட்டுமே மருந்து என்றும் நான் சொல்ல வரவில்லை. 2015-இல் பட்டியலின் அடியில் கிடந்தபோதும் பயிற்சியாளர் மேட்டராசியை மாற்றாமல் வைத்திருந்து, இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பின்தங்கியிருந்தும் கோவாவை 3-2 என்று வென்றோம். 2018-19-இல் பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பதே புள்ளி எடுத்துக் கடைசியாக வந்த பிறகும் கிரெகரியை வைத்திருந்து, அடுத்த சீசனின் தொடக்கத்திலேயே அவரை இழந்தோம். பொறுமை ஒருமுறை பலித்தது, ஒருமுறை பலிக்கவில்லை.

மிராண்டா வந்த நேரமும் நல்ல நேரமாக இல்லை. அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்ததால், சீசன் எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் எல்லா அணிகளும் தவித்தன. ஆகவே அவரை இப்போதே எடைபோட வேண்டாம் என்பதில் நானும் இளையவனும் அதிசயமாக ஒத்துப்போகிறோம். அவருக்கு எந்த எழுவரைக் கொடுக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரை மறு ஆண்டும் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்க்கப்போகிறேன்; முதல் நான்கு தோல்விக்குப் பிறகு இளையவன் என்ன பேசுவான் என்பதற்கு நான் பொறுப்பல்ல.