இரவல் சேலை: ஒரு வில்லா ரசிகனின் நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

எங்கள் பர்மிங்ஹாம் கால்பந்து கிளப் ஆஸ்டன் வில்லாவுக்கு மார்கஸ் ராஷ்ஃபோர்டு வருகிறார். மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து சீசன் முடியும்வரை லோன், அதாவது இரவல். பிடித்துப்போனால் 4 கோடி பவுண்டுக்கு எடுத்துக்கொள்ளலாமாம். நான் காபி ஆற்றிக் குடிப்பதற்குள் கவன்ட்ரியிலிருந்து மச்சான் மூன்று முறை போன் செய்துவிட்டான். "மாமா, பாத்தீங்களா? இனிமே நம்மள யாரும் அசைக்க முடியாது!"

நேற்றுத்தான் வுல்வ்ஸிடம் 2-0 என்று வாங்கிக்கொண்டு வந்தோம். அதற்குள் இவனுக்கு எப்படித்தான் இவ்வளவு தெம்போ.

எனக்கு உற்சாகம் வரவில்லை. போன அக்டோபரில் பயர்ன் மியூனிக் கோல்கீப்பர் நோயர் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப்போட்டு எங்கள் மைதானம் வில்லா பார்க்கையே அதிர வைத்த ஜான் டுரானை, போன வாரம் சவூதிக்கு விற்றாயிற்று. ஆறு கோடி பவுண்டுக்கு மேல் என்கிறார்கள். சொந்தப் பையனை விற்றுவிட்டு அந்த இடத்தில் கடன் வாங்கி ஒருவரை நிறுத்துவது என்ன கணக்கு? அம்மா ஊரில் அடிக்கடி சொல்வாள்: இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று. மச்சானிடம் சொன்னேன். "டுரான் கந்தையா மாமா?" என்று சிரிக்கிறான்.

மகனுக்கு வரும் வாரம் பிறந்தநாள். ஜெர்சியில் ராஷ்ஃபோர்டு 9 என்று அடித்துத் தரச் சொல்கிறான். முடியாது என்றேன். மே மாதம் திரும்பிப் போகிறவன் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு அடுத்த வருஷம் எப்படித் திரிவாய்? ஜேக்கப் ராம்சி 41 போடு. கிரேட் பார் பையன், நம் வீட்டிலிருந்து பத்து நிமிடம். சின்னக் குழந்தையாக இருந்ததிலிருந்து வில்லாவில்தான் ஆடுகிறான். அவன் எங்கேயும் போகமாட்டான்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று இரவு பதினொரு மணிக்கு, ஆட்களை வாங்கி விற்கும் ட்ரான்ஸ்ஃபர் கடையைச் சாத்தினார்கள். சாத்துவதற்குள் இன்னும் இரண்டு பேர். பாரிஸின் பிஎஸ்ஜி கிளப்பிலிருந்து மார்கோ அசென்சியோ, செல்சியிலிருந்து டிஃபெண்டர் ஆக்செல் டிசாசி. இருவரும் லோன்தான்.

டிப்போவில் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு. ஒரு கிளப் ஒரே நேரத்தில் இங்கிலாந்துக்குள்ளிருந்து இரண்டு பேரைத்தான் இரவல் வாங்கலாம். ராஷ்ஃபோர்டு, டிசாசி என்று அந்தக் கணக்கு முடிந்தது. அசென்சியோ வெளிநாட்டிலிருந்து வருவதால் கணக்கில் சேரமாட்டார். மேனேஜர் உனாய் எமரி சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போயிருக்கிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இங்கிலாந்துக் கிளப்புகளின் எஃப்ஏ கோப்பை. டாட்டன்ஹாமை 2-1 என்று முடித்தோம். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ராம்சி கோல். மகன் சோபாவில் ஏறி நின்று புது ஜெர்சியின் முதுகை எனக்குக் காட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

ராஷ்ஃபோர்டு இரண்டாம் பாதியில் இறங்கினார். ஓட்டத்தில் துரு ஏறியிருக்கிறது. யுனைடெட்டில் டிசம்பரிலிருந்து உட்காரவைத்த ஆள், வேறு எப்படி இருப்பார்.

இந்த வாரம் பெரிய சண்டை வேறு விஷயத்தில். ஐரோப்பாவின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் பட்டியலில் ஜனவரிக்கு அப்புறம் மூன்று பேரைத்தான் புதிதாகச் சேர்க்க முடியும். எமரி மூன்று இரவல்காரர்களையும் சேர்த்துவிட்டு, டார்ட்மண்டிலிருந்து காசு கொடுத்து வாங்கிய டோன்யல் மாலனை வெளியே விட்டுவிட்டார். சொந்தப் பிள்ளை திண்ணையில், விருந்தாளி நடுவீட்டில்! மச்சான் இதற்கும் நியாயம் சொல்கிறான்: "மாலன் அடுத்த வருஷமும் இருப்பான். இவங்களுக்கு மூணு மாசந்தான். இருக்கும்போதே வேலை வாங்கணும்ல?" வாதம் சரிதான். சரியாக இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

செல்சியை 2-1. முதலில் கோல் வாங்கியது நாங்கள். பிறகு இரண்டும் அசென்சியோ, இரண்டையும் எடுத்துக் கொடுத்தது ராஷ்ஃபோர்டு. கடைசி நேரத்தில் விழுந்த இரண்டாவது, உள்ளதைச் சொன்னால், அவர்கள் கோல்கீப்பர் கையிலிருந்து நழுவ விட்டது. டிசாசி செல்சியின் ஆள் என்பதால் இன்று ஆட அனுமதியில்லை. இரவல் நகையைக் கொடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கே போட்டுக்கொண்டு போகமுடியாது இல்லையா, அந்த மாதிரி.

மச்சான் போன் செய்வான் என்று தெரிந்து ரிங்கரை அணைத்துவைத்தேன்.

மார்ச் 12, புதன்

சாம்பியன்ஸ் லீக்கில் ப்ரூஹேயை 3-0, இரண்டு ஆட்டமும் சேர்த்து மொத்தத்தில் 6-1. அசென்சியோ இன்றும் இரண்டு. 1983க்குப் பிறகு முதல் முறையாக ஐரோப்பாவின் பெரிய கோப்பையில் கால் இறுதி. அடுத்து பிஎஸ்ஜி. அசென்சியோவின் சொந்தக் கிளப்! ஆனால் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் போட்டிகளில் சொந்தக் கிளப்புக்கு எதிராக ஆடத் தடையில்லை.

மார்ச் 30, ஞாயிறு

எஃப்ஏ கோப்பை, பிரஸ்டனில் 3-0. ராஷ்ஃபோர்டு வில்லாவுக்காக முதல் கோல், அப்புறம் பெனால்டியில் இன்னொன்று. மூன்றாவது ராம்சி. வீட்டில் இரண்டு கட்சிக்கும் சந்தோஷம். வெம்ப்ளியில் அரை இறுதி.

ஏப்ரல் 9, புதன்

பாரிஸில் 3-1 தோல்வி. முதல் கோல் நாங்கள்தான் போட்டோம், ரோஜர்ஸ். 2-1 என்று முடிந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். இஞ்சுரி டைமில் நூனோ மென்டிஸ் வந்து மூன்றாவதைப் போட்டார். எங்கள் ஸ்ட்ரைக்கர் வாட்கின்ஸ் ஏன் பெஞ்சில்? தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய் (எழுதும்போது புதன் விடியற்காலை)

கூட வேலை செய்யும் ஒருவருக்கு ஷிஃப்ட் மாறிப்போனதால் பிஎஸ்ஜியோடு இரண்டாவது ஆட்டத்துக்கான அவருடைய டிக்கெட் எனக்கு வந்தது. வில்லா பார்க்கின் ஹோல்ட் எண்ட் பக்கம். ஒரே டிக்கெட். மகன் என்னோடு பேசுவதை மதியமே நிறுத்திவிட்டான்.

விட்டன் ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போதே எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: ஒன்பதாம் நம்பர் ராஷ்ஃபோர்டா, பதினொன்றாம் நம்பர் வாட்கின்ஸா? போன சீசனில் லீகில் மட்டும் 19 கோல் போட்டு, 13 எடுத்துக் கொடுத்து எங்களை இந்தப் போட்டிக்கே கூட்டிவந்தவர் ஆலி வாட்கின்ஸ். ஜனவரியில் ஆர்சனல் கேட்டு வந்தபோது கிளப் கொடுக்க மறுத்தது. இன்றைக்கும் அவர் பெஞ்சில்தான்.

பக்கத்து இருக்கையில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர். 1982இல் ராட்டர்டாமில் பீட்டர் வித் பயர்னுக்கு எதிராகப் போட்ட கோலை நேரில் பார்த்தவர். வாட்கின்ஸ் பெயர் தொடக்கப் பட்டியலில் இல்லை என்று தெரிந்ததும் தெர்மாஸ் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "அவர்களுடைய டிஃபன்ஸ் மேலே ஏறி நிற்கிறது. பின்னால் ஓட வேகம் வேண்டும். எமரி நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பிடிக்கவில்லை." என் மனதிலிருந்ததும் அதேதான்.

11ஆவது நிமிடம் பிஎஸ்ஜியின் ஹக்கிமி கோல். 27ஆவது நிமிடம் மென்டிஸ். மொத்தத்தில் 5-1. எனக்குப் பின்வரிசையில் ஒருவன் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேவிட்டான். டீலமன்ஸ் ஒன்று போட்டதும் மறுபடி உட்கார்ந்தான்.

இரண்டாம் பாதியில் இரண்டே நிமிடத்தில் நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. 55இல் கேப்டன் மக்கின் தூரத்திலிருந்து இடது காலால் அடித்தது, எதிராளி மேல் பட்டு, பிஎஸ்ஜி கோல்கீப்பர் டோனருமா கைக்கு மேல் வளைந்து உள்ளே இறங்கியது. இன்னும் கத்தி முடிக்கவில்லை. ராஷ்ஃபோர்டு வலது பக்கம், எல்லைக் கோட்டை ஒட்டி, நிற்கிறாரா போகிறாரா என்றே தெரியாத மாதிரி ஒரு தோள் அசைவு. எதிராளி தடுமாற, உள்ளே வந்து பந்தைப் பின்னால் இழுத்துக் கொடுத்தார். கோன்சா காலில் விழுந்து, அங்கிருந்து வலையில். 3-2. பெரியவரின் தெர்மாஸ் டீ முழுக்க என் கோட்டில். இருவருமே கவனிக்கவில்லை.

இன்னும் ஒன்று போட்டால் எக்ஸ்ட்ரா டைம். அரை மணி நேரம் பிஎஸ்ஜி மூச்சுத் திணறியது. ராஷ்ஃபோர்டின் ஷாட், டீலமன்ஸின் தலையடி, மாற்று வீரராக வந்த அசென்சியோ தனியாகச் சிக்கிய வாய்ப்பு, எல்லாவற்றுக்கும் குறுக்கே டோனருமா. ஆட்டத்தை வென்றோம், 5-4 என்று வெளியேறினோம். 2017இல் பிஎஸ்ஜி மேனேஜராக பார்சிலோனாவிடம் நான்கு கோல் முன்னிலையைத் தொலைத்தவர் எமரி. மூன்று கோலை ஈடுகட்டிவிட்டு நான்காவது வராமல் நின்ற இரவு அவருக்கு எப்படி விடிந்ததோ.

ராஷ்ஃபோர்டு விஷயத்தில் நான் பிப்ரவரியில் எழுதியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பாதியை மட்டும்தான்.

ஏப்ரல் 19, சனி

இன்று வாட்கின்ஸ் தொடக்கத்திலேயே. நியூகாசில் மேல் முதல் நிமிடத்திலேயே கோல். முடிவு 4-1. ஆட்டம் முடிந்ததும் பெஞ்சில் உட்காரவைத்ததில் கடும் கோபத்தில் இருந்ததாக வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

டிப்போவில் இதற்கு இரண்டு கட்சி. மேனேஜரை வெளியே விட்டுக்கொடுக்கலாமா என்பது ஒன்று. கோபம் வராத ஸ்ட்ரைக்கர் எதற்கு என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. வீட்டு மருமகள் சமைத்து வைத்த பந்தியில் அவளையே கடைசி வரிசையில் உட்காரச் சொன்னால் கோபம் வராதா?

ஏப்ரல் 26, சனி

செவ்வாயன்று மான்செஸ்டர் சிட்டியிடம் கடைசி மூச்சில் 2-1 தோல்வி. இன்று வெம்ப்ளியில் எஃப்ஏ கோப்பை அரை இறுதியில் கிரிஸ்டல் பேலஸிடம் 3-0. ராஷ்ஃபோர்டு தொடைத் தசை காயத்தால் ஆடவில்லை, சீசனே முடிந்தது என்கிறார்கள். அப்படியென்றால் மொத்தம் நான்கு கோல். ஜெர்சி அடித்திருந்தால் ஒரு கோலுக்கு இருபது பவுண்டு விழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டு மகனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மே 25, ஞாயிறு

ஒரு புள்ளி போதும் என்று தெரியாமலே தோற்றோம். நியூகாசில் எவர்ட்டனிடம் தோற்றதால் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்டில் டிரா செய்திருந்தாலே அடுத்த சாம்பியன்ஸ் லீக்கில் இடம். இருவருக்கும் 66 புள்ளி, கோல் வித்தியாசத்தில் அவர்கள் ஐந்தாவது, நாங்கள் ஆறாவது.

எங்கள் கோல்கீப்பர் மார்ட்டினஸ் இடைவேளைக்கு முன்பே சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து 0-0 என்று இருக்கையில், யுனைடெட் கோல்கீப்பர் பந்தைக் கையில் அடக்குவதற்குள் ரோஜர்ஸ் தட்டிப் பறித்து உள்ளே தள்ளினார். நடுவர் அதற்குள் விசில் ஊதிவிட்டார். ஊதிய பிறகு விஏஆர், அதாவது வீடியோ பார்த்துச் சரிபார்ப்பது, முடியாது. ஒரு வினாடி பொறுத்திருந்தால் பார்த்திருக்கலாம். ஒரு வினாடி! அடுத்த சில நிமிடத்தில் யுனைடெட் கோல், பிறகு ஒரு பெனால்டி, 2-0.

மச்சான் இன்று போன் செய்யவில்லை. நானே செய்தேன். "ராஷ்ஃபோர்டு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான். காயம் இல்லாவிட்டாலும் சொந்தக் கிளப்புக்கு எதிராக ஆடமுடியாதுடா என்றேன். "ஆமா இல்ல" என்றான். அப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் சும்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ராஷ்ஃபோர்டு போன மாதமே பார்சிலோனாவுக்குப் போய்விட்டார், அங்கேயும் இரவல்தான். டிசாசியும் அசென்சியோவும் அவரவர் வீட்டுக்கு. அதெல்லாம் எதிர்பார்த்ததே.

எதிர்பாராதது இன்று. ஜேக்கப் ராம்சியை விற்றுவிட்டார்கள். யாருக்கு? நியூகாசிலுக்கு. நேற்று அவர்களோடுதான் 0-0 ஆடினோம்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். சம்பளச் செலவு வரம்பு மீறியதற்கும் நஷ்டத்துக்கும் சேர்த்து ஜூலையில் யூஃபா 1.1 கோடி யூரோ அபராதம் போட்டது. வாங்கிய ஆளை விற்றால் வாங்கிய விலையில் மிச்சமிருப்பதைக் கழிக்கவேண்டும். அகாடமியில் வளர்த்த பையனை விற்றால் வருகிற மொத்தமும் லாபம் என்று ஏட்டில் எழுதலாம். ஆக, எந்தக் கிளப்பும் முதலில் விற்கத் தோன்றுகிற ஆள் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவன். இப்படி ஒரு விதியை எழுதியவர்கள் ஒருநாளாவது மைதானத்துப் படியில் நின்று பார்த்திருப்பார்களா?

மகன் வாய் திறக்கவில்லை. 41ஆம் நம்பர் ஜெர்சியை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தான். நியூகாசிலிலும் அதே நம்பர்தானாம், அதை மட்டும் சொன்னான்.

செப்டம்பர் 1, திங்கள்

மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. நேற்று சொந்த மைதானத்தில் பேலஸிடம் 3-0. இன்று கடை சாத்தும் நாள். லிவர்பூலிலிருந்து ஹார்வி எலியட், யுனைடெட்டிலிருந்து ஜேடன் சாஞ்சோ. இருவரும் லோன். உள்நாட்டுக் கணக்கு இரண்டும் மறுபடி நிரம்பிவிட்டது. எலியட் குறிப்பிட்ட ஆட்டங்கள் ஆடிவிட்டால் வாங்கியே ஆகவேண்டும் என்று ஒப்பந்தமாம்.

இரவு மச்சான் போன். "மாமா, சாஞ்சோ ஃபார்முக்கு வந்தா மட்டும் பாருங்க!" சரி, பார்ப்போம் என்றேன்.

புது ஜெர்சிக்கு ஆர்டர் போட மகன் லேப்டாப்போடு வந்தான். யார் பெயர் என்று கேட்டேன். பெயர் போடாவிட்டால் பதினைந்து பவுண்டு மிச்சம் என்றான், கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான்.